விமானம் எவ்வளவு தூரம் பறக்கலாம் என்று சட்டம் போட முடியுமா?

கேள்வி: டாலஸில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டுச் சமீபத்தில்தான் ஊர் திரும்பினேன். வீடு ஓக் லான் பகுதியில். பால்கனியில் நின்றால் லவ் ஃபீல்டு விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே போகும். ஆனால் சென்னையிலிருந்து போன எங்களை இறக்கிவிட்டது ஊருக்கு வெளியே வேறொரு நிலையத்தில். அங்கிருந்து காரில் அரைமணி நேரம். "பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே, அங்கே இறங்கக் கூடாதா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "சட்டம் விடாது அத்தை" என்றார். முன்பெல்லாம் அங்கிருந்து பக்கத்து மாநிலங்களைத் தாண்டி விமானமே விடக் கூடாதாம். பிறகு விமான நிறுவனங்களும் நகராட்சிகளும் உட்கார்ந்து பேசி, பேசியதைச் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டார்களாம். விமானம் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒரு நாடாளுமன்றம் சட்டம் போடுமா? நம் நாட்டில் இப்படி நடக்குமா?

— ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் மாப்பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. லவ் ஃபீல்டிலிருந்து வெளிநாட்டுக்குப் பயணிகள் விமானம் விட இன்றும் அனுமதி இல்லை. ஏதோ ஓர் அதிகாரி போட்ட உத்தரவு என்றால் அவர் மாறியதும் மாறியிருக்கும். இது அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றி, 2006 அக்டோபர் 13 அன்று ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம். இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால். அங்கிருந்து வந்தால்தான் விஷயம் பிடிபடும்.

டாலஸும் ஃபோர்ட் வொர்த்தும் ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் நகரங்கள். ஒன்றுக்கொன்று ஆகாது. ஃபோர்ட் வொர்த்தின் பத்திரிகை அதிபர் ஏமன் கார்ட்டர், வேலையாக டாலஸுக்குப் போகும்போது மதியச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார் என்று ஒரு கதை உண்டு. அந்த ஊரில் காசு செலவழிக்க மனசு வராதாம். கொஞ்சம் ஜோடனை இருக்கலாம், ஆனால் டெக்சஸ்காரர்கள் இன்றும் ரசித்துச் சொல்கிறார்கள். இரண்டு ஊருக்கும் தனித்தனியே விமான நிலையம் இருந்தது. டாலஸின் நிலையம்தான் லவ் ஃபீல்டு. 1963இல் கென்னடி சுடப்பட்ட அன்று லிண்டன் ஜான்சன் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டாரே, அது இங்கே நின்ற விமானத்துக்குள்தான்.

அந்தக் காலத்தில் எந்த நிறுவனம் எந்த ஊருக்கு விமானம் விடலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற மத்திய அமைப்பு தீர்மானித்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலையத்துக்கு அரசுப் பணம் செலவாவதில் அதற்கு எரிச்சல். 1964இல், இரண்டு ஊருக்கும் ஒரே நிலையம்தான், எங்கே என்று நீங்களே பேசி முடியுங்கள், முடியாவிட்டால் நாங்கள் முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் இரண்டு நகரங்களும் நடுவில் ஓர் இடத்தைப் பார்த்தன. நீங்கள் போய் இறங்கிய டாலஸ்–ஃபோர்ட் வொர்த் நிலையம் அப்படிப் பிறந்ததுதான். அதைக் கட்டக் கடன் பத்திரம் வெளியிட்டபோது, 1968இல், இரண்டு நகர மன்றங்களும் ஓர் உறுதி கொடுத்தன: பழைய நிலையங்களில் இருக்கும் பயணிகள் விமானங்களைப் புதிய நிலையத்துக்கு மாற்றிவிடுவோம். கடன் கொடுக்கிறவனுக்கு வேண்டிய உறுதி அது. பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு நிலையம் இருந்தால் அவன் பணம் எப்படித் திரும்பும்? இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

1974 ஜனவரியில் புதிய நிலையம் திறந்தது. எல்லா நிறுவனங்களும் மூட்டை முடிச்சோடு அங்கே போயின. ஒன்று மட்டும் போக மாட்டேன் என்றது. சவுத்வெஸ்ட்.

நகரங்கள் உறுதி கொடுத்தபோது சவுத்வெஸ்ட் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. பழைய நிறுவனங்கள் வழக்குமேல் வழக்குப் போட்டு அதைத் தரையிலேயே நிறுத்தி வைத்திருந்தன. 1971 ஜூனில்தான் முதல் விமானம் கிளம்பியது. டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று டெக்சஸ் மாநிலத்துக்குள்ளேயே பறந்தது. மாநில எல்லையைத் தாண்டாத விமானம் மத்திய போர்டின் அதிகாரத்துக்குள் வராது. அதன் வக்கீல் ஹெர்ப் கெல்லெஹர், பின்னாளில் நிறுவனத்தின் தலைவரே ஆனவர், இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எந்த உறுதியிலும் கையெழுத்துப் போடவில்லை, எங்களை எப்படி விரட்டுவீர்கள் என்பது அவர் வாதம். நகரங்கள் வழக்குப் போட்டன. லவ் ஃபீல்டு விமான நிலையமாக இருக்கும்வரை சவுத்வெஸ்ட் அங்கே இருக்கலாம் என்று 1973இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊருக்குள் இருக்கும் நிலையம் முழுக்க ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தது. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

1978இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் விமானத் துறையின் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. மாநிலம் தாண்டிப் பறக்கவும் வழி திறந்தது. சவுத்வெஸ்ட் உடனே லவ் ஃபீல்டிலிருந்து லூசியானாவில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கு விமானம் விடக் கேட்டது. ஃபோர்ட் வொர்த்தில் அபாய மணி அடித்தது. இன்று நியூ ஆர்லியன்ஸ், நாளை நியூயார்க் என்றால் கோடி கோடியாகக் கடன் வாங்கிக் கட்டிய புதிய நிலையத்தின் கதி? அந்த ஊரின் பிரதிநிதி ஜிம் ரைட், அப்போது பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், பின்னாளில் சபாநாயகர். சர்வதேச விமானப் போக்குவரத்து பற்றிய ஒரு மசோதாவில், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பிரிவை ஒட்டவைத்தார். லவ் ஃபீல்டிலிருந்து டெக்சஸுக்கு வெளியே விமானமே கூடாது என்பதுதான் அவர் முதலில் கேட்டது. செனட் அதற்கு இசையவில்லை. பேரம் பேசி, டெக்சஸோடு ஒட்டிக் கிடக்கும் லூசியானா, ஆர்கன்சா, ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களுக்கு மட்டும் போகலாம் என்று முடிந்தது. 1980 பிப்ரவரியில் சட்டமானது. ரைட் திருத்தம் என்று பெயர் நின்றுவிட்டது.

ஆக, தடையே ஒரு சமரசம்தான். 2006இல் வந்தது அந்தச் சமரசத்தின் மேல் இன்னொரு சமரசம்.

நடைமுறையில் அந்தத் தடை எப்படி இருந்தது என்று பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். லவ் ஃபீல்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு நேர் விமானம் கூடாது, சரி. நடுவில் டெக்சஸுக்குள்ளேயே இருக்கும் எல் பாசோவில் இறங்கி வேறு விமானம் ஏறிப் போகலாமா? போகலாம். ஆனால் அந்த இரண்டு பயணத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் விற்கக் கூடாது. பயணி லவ் ஃபீல்டிலிருந்து எல் பாசோவுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும், அங்கே இறங்கிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், மறுபடி வரிசையில் நின்று அதே பெட்டிகளைப் போட வேண்டும். அதே சவுத்வெஸ்ட் விமானமாகவே இருந்தாலும் இதுதான் கதி. டெக்சஸ்காரர்களில் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு டிக்கெட் வாங்கிப் போய்வந்தார்கள். தெரியாதவர்கள் புதிய நிலையத்துக்குப் போய் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேட்ட பணத்தைக் கொடுத்தார்கள்.

சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது. 56 பேருக்கு மேல் ஏற்றாத விமானம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சிற்றூர்களுக்குப் போகும் குட்டி விமானங்களை நினைத்து எழுதியது அது. 2000இல் லெஜண்ட் என்ற புது நிறுவனம், நூறு பேர் உட்காரக்கூடிய டிசி-9 விமானத்தில் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு 56 சொகுசு நாற்காலி போட்டு லவ் ஃபீல்டிலிருந்து நெடுந்தூரம் பறக்கவிட்டது. அமெரிக்கன் முதலில் வழக்குத் தொடுத்தது. அதில் தோற்றதும் தானும் 56 இருக்கை விமானங்களை அதே நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள் லெஜண்ட் கடையைக் கட்டியது. லவ் ஃபீல்டில் அது கட்டிய டெர்மினல் மட்டும் மிஞ்சியது. இந்த டெர்மினலுக்குப் பிறகு வருகிறேன்.

இத்தனைக்கும் சவுத்வெஸ்ட் இந்தத் தடையை எதிர்த்துப் பல ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. "தீவிர நடுநிலை" என்பது அதன் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. கெல்லெஹர் நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர், சொல்லிவிட்டுச் சிரித்திருப்பார். என் கணிப்பில் அந்த மௌனத்துக்குக் காரணம் எளிது. தடை சவுத்வெஸ்டின் காலைக் கட்டியது உண்மை, ஆனால் பெரிய நிறுவனங்கள் அந்த நிலையத்தின் பக்கம் எட்டிப் பார்க்காமலும் அதுவே தடுத்தது. வீட்டு வாசலில் ஒரே கடை நம்முடையது என்றால் தெருவை அகலப்படுத்தச் சொல்லி யார் மனுப் போடுவார்கள்?

நடுவில் வேலியில் அங்கங்கே திறப்பு விழுந்தது. 1997இல் அலபாமா செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி தன் மாநிலத்தையும் மிசிசிப்பி, கன்சஸ் மாநிலங்களையும் பட்டியலில் சேர்த்தார். 2005இல் மிசூரி செனட்டர் கிட் பாண்ட் தன் மாநிலத்தைச் சேர்த்தார். இரண்டுமே போக்குவரத்துத் துறைக்குப் பணம் ஒதுக்கும் மசோதாக்களில் செருகப்பட்டவை. அந்த மாநிலங்களுக்கு அதிர்ஷ்டம், பணப்பெட்டியின் பக்கத்தில் அவர்கள் ஆள் உட்கார்ந்திருந்தார். கன்சஸுக்குப் போகலாம், கொலராடோவுக்குக் கூடாது என்பதற்கு வேறு எந்த நியாயமும் கிடையாது.

2004 நவம்பரில் சவுத்வெஸ்ட் நடுநிலையைக் கைவிட்டது. அந்த ஆண்டுதான் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற கேரி கெல்லி, தடையை நீக்கு என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார். டெல்டா நிறுவனம் புதிய நிலையத்தில் இருந்த தன் பெரிய மையத்தை மூடத் தீர்மானித்திருந்த நேரம் அது. அங்கே கேட்டுகள் காலியாகக் கிடக்கின்றன, சவுத்வெஸ்ட் இங்கே வந்து உலகம் முழுக்கப் பறக்கட்டுமே என்றது எதிர்த்தரப்பு. நியாயமான வாதம்தான். ஆனால் அமெரிக்கனின் கோட்டைக்குள் போய்க் குடியிருக்க சவுத்வெஸ்ட் தயாரில்லை. காங்கிரஸில் தடையை அடியோடு நீக்க ஒரு மசோதா வந்தது, லவ் ஃபீல்டையே மூட இன்னொரு மசோதா வந்தது. டெக்சஸ் உறுப்பினர்களே இரண்டு பக்கமும் நின்றார்கள். மூத்த செனட்டர் கே பெய்லி ஹட்சிசனுக்கு இரண்டு நகரங்களிலும் ஓட்டு வேண்டும். நீங்கள் உள்ளூரில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், அதைச் சட்டமாக்குவது எங்கள் பொறுப்பு என்று பந்து திருப்பி அனுப்பப்பட்டது.

டாலஸ் மேயர் லாரா மில்லர், ஃபோர்ட் வொர்த் மேயர் மைக் மாங்க்ரிஃப், புதிய நிலையத்தின் நிர்வாகம், அமெரிக்கன், சவுத்வெஸ்ட் என்று ஐந்து தரப்பு. 2006 ஜூன் 15 அன்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் அதுவே சட்டம். அதில் என்ன இருந்தது?

ஒரே டிக்கெட் விற்கும் தடை உடனே போனது. எல் பாசோவில் பெட்டி தூக்கும் கொடுமை அன்றோடு தீர்ந்தது. நேர் விமானத்துக்கான தூரத் தடை மட்டும் இன்னும் எட்டு ஆண்டு இருக்கும், 2014 அக்டோபர் 13 அன்று தானாகக் காலாவதியாகும். வெளிநாட்டு விமானம் லவ் ஃபீல்டில் கிடையவே கிடையாது. உங்கள் மாப்பிள்ளை சொன்ன சட்டம் இதுதான். எல்லாவற்றையும்விட முக்கியமானது கேட்டுகளின் எண்ணிக்கை. நகராட்சியின் 2001 திட்டப்படி அங்கே 32 கேட் இருக்கலாம். உடன்பாடு அதை 20 ஆக வெட்டியது. சவுத்வெஸ்டுக்கு 16, அமெரிக்கனுக்கு 2, கான்டினென்டல் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு 2. மிச்சத்தை இடித்துவிட வேண்டும், மறுபடி கட்டக் கூடாது.

இந்த இருபதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கேட் என்பது விமானம் வந்து ஒட்டி நிற்கும் வாயில் மட்டும்தான் என்று பயணிக்குத் தோன்றும். விமானத் தொழிலில் அதுதான் சொத்து. ஒரு கேட்டில் ஒரு நாளைக்குச் சுமார் பத்து விமானம் கிளம்பலாம். கேட் இல்லாதவனுக்கு எவ்வளவு தூரம் பறக்க அனுமதி இருந்தும் பயனில்லை. தூரத்துக்குப் போட்ட கட்டு அவிழ்ந்தது, எண்ணிக்கைக்குக் கட்டு விழுந்தது. முன்னதற்குக் காலக்கெடு இருந்தது. பின்னதற்கு இல்லை.

ஏன் இருபது? சுற்றியிருக்கும் குடியிருப்புகளுக்கு இரைச்சலும் போக்குவரத்து நெரிசலும் கூடக் கூடாது என்பது மேடையில் சொன்ன காரணம். அது பொய்யில்லை. தடை நீங்கினால் ஒவ்வொரு கேட்டும் முன்பைவிட மும்முரமாக ஓடும், அதனால் தடையோடு 32 கேட் தரும் இரைச்சலும் தடையில்லாமல் 20 கேட் தரும் இரைச்சலும் ஏறக்குறைய ஒன்று என்று நகராட்சி ஆய்வு வைத்திருந்தது. உங்கள் மகளைப் போல ஓக் லானில் குடியிருப்பவர்களுக்கு அது உண்மையான லாபம். மேடைக்குக் கீழே இருந்த காரணம் அமெரிக்கனுடையது: எதிரி வளரட்டும், ஆனால் இந்த உயரத்துக்கு மேல் வளர வேண்டாம்.

சாதாரணமாக இரண்டு போட்டி நிறுவனங்கள் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து, ஊரில் எத்தனை கேட் இருக்கலாம், யாருக்கு எத்தனை என்று பங்கு போட்டால் அமெரிக்காவில் போட்டிச் சட்டப்படி வழக்கு பாயும். காங்கிரஸின் முத்திரை தேவைப்பட்டதே அதற்காகத்தான். சபையின் நீதிக் குழுத் தலைவர் ஜேம்ஸ் சென்சென்பிரென்னர் இதைச் சொல்லியே முரண்டு பிடித்தார். அவர் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை என்பது என் அபிப்பிராயம். மேசையில் உட்கார்ந்த ஐவருக்கும் ஏதோ கிடைத்தது. மேசைக்கு அழைக்கப்படாதவர்கள் யார்? இன்னும் வராத புது நிறுவனங்கள். அவை வந்திருந்தால் குறைந்திருக்கக்கூடிய கட்டணத்தைக் கொடுத்துப் பயணம் செய்கிறவர்கள்.

லெஜண்ட் கட்டிய டெர்மினலைச் சொன்னேனே, அதன் கதை இந்த இடத்தில் வருகிறது. இடிக்க வேண்டிய கேட்டுகளில் அதன் ஆறு கேட்டும் அடக்கம். அப்போது அதைக் கையில் வைத்திருந்தவர்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் சொத்துக்குச் சட்டம் போட்டுவிட்டீர்கள் என்று அமெரிக்க அரசின் மேல் நஷ்டஈடு வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் கீழ் நீதிமன்றம் 13 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பழைய தூரத் தடையால் அந்தக் கட்டடம் ஏற்கெனவே வருமானம் இல்லாமல்தான் கிடந்தது, புதுச் சட்டத்தால் நீங்கள் இழந்தது என்ன என்று கேட்டது. முதல் சட்டம் ஏற்படுத்திய நஷ்டம் இரண்டாவது சட்டத்தைக் காப்பாற்றிவிட்டது.

2014 அக்டோபர் 13 காலையில் லவ் ஃபீல்டிலிருந்து டென்வர், சிகாகோ, லாஸ் வேகாஸ், ஆர்லாண்டோ, பால்டிமோர் நகரங்களுக்கு சவுத்வெஸ்ட் நேராகப் பறந்தது. அதற்குள் பழைய கட்டடம் போய் இருபது கேட்டோடு புதிய டெர்மினல் வந்திருந்தது. 2013இல் எண்பது லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்த ஆண்டுப் பயணிகள் எண்ணிக்கை 2015இல் ஒன்றரைக் கோடியை நெருங்கியது. இது பெரிய நிலையத்தைச் சாய்த்துவிடும் என்று பயந்தார்களே, அது என்ன ஆயிற்று? டாலஸ்–ஃபோர்ட் வொர்த் இன்று ஆண்டுக்கு எட்டுக் கோடிக்கும் மேல் பயணிகளைக் கையாள்கிறது, உலகின் மிகப் பரபரப்பான நிலையங்களில் ஒன்று. முப்பத்து நான்கு ஆண்டு தடையைத் தாங்கிப் பிடித்த பயம் ஆதாரமற்றது என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. 1980இல் அந்தப் பயத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. புதிய நிலையம் அப்போது கைக்குழந்தை. 1995க்குப் பிறகு அந்த நியாயமும் இல்லை.

கேட் எண்ணிக்கையின் விளைவும் சீக்கிரமே தெரிந்தது. அமெரிக்கனும் யு.எஸ். ஏர்வேஸும் இணைந்தபோது, லவ் ஃபீல்டில் அமெரிக்கனுக்கு இருந்த இரண்டு கேட்டையும் விட்டுக்கொடுக்க நீதித்துறை நிபந்தனை போட்டது. அவை வெர்ஜின் அமெரிக்கா நிறுவனத்துக்குப் போயின, பிறகு அதை வாங்கிய அலாஸ்கா ஏர்லைன்ஸிடம். கான்டினென்டலின் இரண்டு, இணைப்புக்குப் பின் யுனைடெட்டிடம் வந்து, 2015இல் உள்வாடகையாக சவுத்வெஸ்டிடம் போனது. இருபதில் பதினெட்டு ஒரே கையில். அட்லாண்டாவுக்கு நாளைக்கு ஐந்து விமானம் விட்டுக்கொண்டிருந்த டெல்டாவுக்கு நிற்க இடமில்லை. போக மாட்டேன் என்றது. டாலஸ் நகராட்சியே கடைசியில் நீதிமன்றத்துக்குப் போய், நாங்கள் யாரை உள்ளே விட வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டது. ஐந்து விமானத்துக்கு எத்தனை ஆண்டு வழக்கு! முப்பத்திரண்டு கேட் இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இந்தச் சமரசம் தப்பா என்று கேட்டால் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதைவிட நல்ல முடிவு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை. அடியோடு நீக்கும் மசோதாவுக்கு ஓட்டு இல்லை. எட்டு ஆண்டு என்று நாள் குறித்துத் தடையை முடித்துவைத்தது பெரிய காரியம். நாள் குறிக்காத தடைகள் வாஷிங்டனில் சாகாவரம் பெற்றவை. தலைநகரிலேயே ரீகன் நிலையத்துக்கு 1,250 மைல் எல்லை இன்றும் இருக்கிறது. தங்கள் ஊருக்கு நேராகப் பறக்க வேண்டும் என்று செனட்டர்கள் 2000, 2003, 2012, 2024 என்று வரிசையாகச் சட்டம் கொண்டுவந்து விதிவிலக்கு வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள், எல்லை மட்டும் போகவில்லை. டாலஸ்காரர்கள் அந்தச் சங்கடத்திலிருந்து தப்பினார்கள். கேட் எண்ணிக்கைக்கும் ஒரு நாள் குறித்திருக்க வேண்டும். அதைச் செய்யாததுதான் சட்டத்தின் குறை. அங்கே கேட்டுகளின் குத்தகை 2028இல் முடிகிறது. அப்போதும் இருபது என்பது இருபதுதான். இருபத்தொன்றாவதுக்கு காங்கிரஸ் மறுபடி கூட வேண்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நம் நாட்டில் நடக்குமா? நடந்தது அம்மா, சட்டம் இல்லாமலே நடந்தது. 2008இல் ஷம்ஷாபாத் நிலையம் திறந்ததும் ஹைதராபாத்தின் பேகம்பேட்டையும், தேவனஹள்ளி நிலையம் திறந்ததும் பெங்களூரு எச்.ஏ.எல். நிலையத்தையும் பயணிகள் விமானங்களுக்கு மூடினார்கள். ஊழியர்கள் போராடினார்கள், வழக்குகள் வந்தன, பலன் இல்லை. காரணம், புதிய நிலையங்களைக் கட்டிய நிறுவனங்களோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தம். நிலையம் திறந்து 25 ஆண்டு முடியும்வரை 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறு நிலையம் இயங்க விடக் கூடாது என்பது பெங்களூரு ஒப்பந்தத்தின் நிபந்தனை. மைசூருவுக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. டாலஸில் கடன் கொடுத்தவர்கள் 1968இல் கேட்ட அதே உறுதிதான். இன்னொன்றும் ஒத்துப்போகிறது: 2006 உடன்பாட்டில் டாலஸும் ஃபோர்ட் வொர்த்தும், 80 மைல் சுற்றளவுக்குள் வேறு நிலையத்தில் பயணிகள் விமானம் வருவதை எதிர்ப்போம் என்று கையெழுத்துப் போட்டிருக்கின்றன. 80 மைல் என்பது ஏறக்குறைய 130 கிலோமீட்டர்.

அந்த 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நம் ஓசூர் வருகிறது. அங்கே ஆண்டுக்கு மூன்று கோடிப் பேர் வந்துபோகும் நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அதற்கு முன்னால் நிற்பது இந்த நிபந்தனை. 2033 வரை அது செல்லும். அதற்கு முன் விமானம் பறக்க வேண்டுமென்றால் பெங்களூரு நிலைய நிறுவனம் இசைய வேண்டும்.

அமெரிக்கத் தடையைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகள் காங்கிரஸில் சண்டை போட முடிந்தது, ஓட்டுப் போட முடிந்தது, கடைசியில் மாற்றவும் முடிந்தது. நம்முடையதைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. ஒப்பந்தத்தின் உட்பிரிவு ஒன்றில் இருந்தது, கையெழுத்தான பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இதில் எனக்கு டாலஸ் வழிதான் மேல் என்று படுகிறது, அதன் பேரங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்னைக்கு இரண்டாவது நிலையமாகத் திட்டமிடப்பட்டிருக்கும் பரந்தூர் நிலையத்தைக் கட்டி நடத்த ஒரு நிறுவனம் வரும்போது அதனோடும் ஓர் ஒப்பந்தம் போடுவார்கள். இப்போதைய மீனம்பாக்கம் நிலையத்திலிருந்து எந்த விமானம் பறக்கலாம், எது கூடாது, எத்தனை ஆண்டுக்கு என்று அதில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதைக் கையெழுத்தாவதற்கு முன்பே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள்.